செத்துச் செத்துப் பாடம் நடத்தியவர்

எங்கள் மேடத்தை நான் பல தடவை கொன்றிருக்கிறேன். ஒரு தடவை இன்சுலின் ஊசியால். ஒரு தடவை மார்ஃபினால். ஒரு தடவை, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மருந்துக் கடையில் யார் கேட்டாலும் கொடுக்கும் இருமல் மருந்தால். ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலியில் சரிந்து, தலையைத் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் பிணமாக இருப்பார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கேக்கலையே நீங்க" என்பார். எழுந்து உடையைச் சரிசெய்துகொள்வார். "அடுத்த ஆள் வாங்க. இப்ப யாரு கொல்லப் போறீங்க?"

ஸ்கூடாயில், ஒரு தனியார் மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தாதியர் கல்லூரி அது. மருத்துவமனைக்கு முன்பக்கம் பளிங்குத் தரையும் செயற்கை நீரூற்றும் இருந்தன. பின்பக்கம் குப்பைத்தொட்டிகளும் நாங்களும் இருந்தோம். அங்கேதான் அவர் எங்களுக்கு உயர்நிலை மருந்தியல் எடுத்தார். எங்களுக்கு என்றால், ஏற்கெனவே பல வருடம் வார்டில் வேலை பார்த்துக் களைத்துப்போன தாதியர்களுக்கு. அதிலும் நான்தான் மூத்தவன். வாசிக்கும் கண்ணாடி போட்டு வகுப்புக்கு வந்த ஒரே மாணவன்.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஒருநாள் எங்கள் மேட்ரன் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "இனிமே இந்த கோர்ஸ் பாஸ் பண்ணவங்கதான் ஐசியூல இருக்கலாம். மேலிடத்து உத்தரவு" என்றார். "பாஸ் பண்ணலன்னா?" என்று கேட்டேன். "வெளி நோயாளிங்க கவுண்டர்ல நம்பர் கூப்பிட ஆள் தேவைப்படுது. உன் குரல் நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கனவில் எல்லாம் நம்பர்தான். எண் நூற்று இருபத்தேழு, கவுண்டர் மூன்றுக்குச் செல்லவும்.

கோத்தா திங்கியில் இருக்கும் என் அம்மாவோ இன்றுவரை அக்கம்பக்கத்தில் என்னை 'டிரெஸ்ஸர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டிரெஸ்ஸருக்கு அந்தக் காலத்தில் இருந்த மரியாதை, கவுண்டரில் நம்பர் கூப்பிடுகிறவனுக்குக் கிடைக்குமா? பாஸ் பண்ணியே ஆகவேண்டும். இப்படித்தான் என் பயம் ஆரம்பித்தது. பயந்தால் நான் ஜோக் அடிப்பேன். அதிகம் பயந்தால் அதிகம் ஜோக் அடிப்பேன். அந்த வருடம் வகுப்பில் என்னைப்போல் சிரிக்க வைத்தவன் யாரும் இல்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

மேடம் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். குட்டையான உருவம், ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவர் போடும் காலணி, கையில் எப்போதும் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கொடுக்கும் சிவப்பு பிளாஸ்டிக் பை. பையில் அவருடைய நோயாளிகள் இருந்தார்கள். ஒரு முக்காடு, ஒரு தொப்பி, கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம், ஒரு கைத்தடி, ஒரு சால்வை. முக்காட்டைப் போட்டால் நிலக்குடியேற்றத் திட்டத்து மக்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியம்மா. தொப்பியைப் போட்டால் லாரி ஓட்டும் சீன அங்கிள். சால்வையைப் போர்த்தினால் நம்முடைய அத்தை யாராவது. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும், நான்தான் இங்கே தமிழாக்கிச் சொல்கிறேன். ஆனால் சாகும்போது மட்டும் நோயாளியின் மொழியில் சாவார். மலாயில் செத்ததைப் பார்த்து எங்களோடு படித்த ஹலிமா உண்மையாகவே அழுதிருக்கிறார்.

அவர் ஏன் சாக வேண்டியிருந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கல்லூரி நிர்வாகம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மை வாங்கியிருந்தார்கள். அது மூச்சு விடும், வியர்க்கும், கண் சிமிட்டும், மருந்து தப்பாகப் போனால் நாடித்துடிப்பு மாறும். வாசல் விளம்பரப் பலகையில் எங்கள் யார் படமும் இல்லை, பொம்மையின் படம்தான் இருந்தது. விலை மிக அதிகம் என்பதால் அதை யாரும் தொடக்கூடாது என்று பயிற்சி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சுகாதார அமைச்சிலிருந்து யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் போனதும் துடைத்துப் போர்த்திவிடுவார்கள். பொம்மை சாகக்கூடாது, விரிவுரையாளர் சாகலாம் என்பது நிர்வாகத்தின் கொள்கை.

மற்ற விரிவுரையாளர்கள் திரையில் எழுதியிருப்பதை வாசிப்பார்கள். நாங்களும் கூடவே மனசுக்குள் வாசிப்போம். எல்லாரும் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் என்பது உறுதியானதும் வகுப்பு முடியும். இவர் திரையைப் போடவே மாட்டார். கையில் ஒரு மருந்துச் சீட்டோடு நோயாளியாக வந்து உட்கார்ந்துவிடுவார். "டாக்டர் எழுதிட்டாரு. குடுக்கறதா நிறுத்தறதா, நீங்க சொல்லுங்க. எழுதறது அவர் வேலை. குடுக்கறதுக்கு முன்னாடி கேக்கறது உங்க வேலை."

கேட்கவேண்டியதைக் கேட்டால் பிழைப்பார். கேட்காவிட்டால் சாவார். அவ்வளவுதான் பாடத்திட்டம்.

நான் எப்படிக் கேட்டேன்? ஏற்பி, அரை ஆயுள், கல்லீரல் நொதி என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். நொதிகளின் பெயர்களெல்லாம் பேருந்து எண்கள் மாதிரியே இருக்கும். லார்கினுக்குப் போகிற பேருந்து எது, கல்லீரலுக்குப் போவது எது என்று குழப்பம் வேறு. முக்காடு போட்ட மக்சிக் முன்னால் உட்கார்ந்ததும் அத்தனையையும் கொட்டுவேன். இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று உயிரணு வரைக்கும் போய் விளக்குவேன். மக்சிக் தலையாட்டிக்கொண்டே வியர்த்துக் கீழே விழுவார். "புவாசா, நோன்பு மாசமாச்சே, விடிகாலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. கேக்கலையே நீங்க."

"நோயாளி பொய் சொல்றதில்ல மிஸ்டர்," என்பார். "கேக்காதத சொல்றதில்ல. அவ்ளோதான்."

மிஸ்டர் என்றது என்னைத்தான். வாசல் காவலாளி அவருக்கு அண்ணே. உணவகத்தில் தேநீர் ஆற்றுகிறவர் அண்ணே. கார் கழுவ வருகிறவர்கூட அண்ணே. எனக்கு மட்டும் மிஸ்டர். ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன் மேடம், என்னையப் பாத்தா அண்ணன் மாதிரி இல்லையா?"

"இருக்கீங்க. ஆனா மார்க் போடற வரைக்கும் நீங்க எனக்கு அண்ணன் இல்ல."

ஒரு வாரம் முழுக்க அவர் இருமிக்கொண்டே வந்தார். வறட்டு இருமல். பேச ஆரம்பித்தால் இருமல், நாங்கள் பேசினாலும் இருமல். நாங்கள் உருகிப்போய்விட்டோம். ஹலிமா காட்டுத்தேன் கொண்டுவந்து கொடுத்தார். சீனப் பெண் ஒருத்தி ஏதோ வேரைக் கொதிக்க வைத்துக் குடுவையில் எடுத்துவந்தாள். என் பக்கத்தில் உட்காரும் சின்னப் பெண் பரமேஸ் இஞ்சியும் துளசியும் இடித்துக்கொண்டு வந்தது. நான் சும்மா இருப்பேனா? உடம்பு முடியாதபோது வேலைக்கு வருவது நம் சமுதாயத்தின் கெட்ட பழக்கம் என்று ஒரு சின்ன உரையே நிகழ்த்தினேன்.

வெள்ளிக்கிழமை அவர் இருமலைச் சட்டென்று நிறுத்தினார். குழாயை மூடியதுபோல நின்றது.

"ஒரு வாரமா இருமறேன். தேன் வந்துச்சு. இஞ்சி வந்துச்சு. மிஸ்டர் மேடை போடாத கொறதான். எல்லாரும் தாதியருங்க. 'மேடம், நீங்க என்னா மாத்திரை சாப்புடுறீங்க'ன்னு ஒருத்தர் கேட்டீங்களா?"

இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஒரு வகை மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொண்டுவருமாம். அவர் ஒரு மாத்திரையும் சாப்பிடவில்லை. சாப்பிடுகிற ஒருவராக ஒரு வாரம் வாழ்ந்து காட்டியிருக்கிறார். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. காட்டுத்தேனை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

வகுப்புக்கு வெளியேயும் இந்த வியாதி அவரை விடவில்லை. ஒருநாள் மதியம் கல்லூரிக்கு எதிரே இருந்த முஸ்லிம் உணவகத்தில் நான், பரமேஸ், மேடம் மூவரும் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது. கல்லாவில் இருந்த பாய் எழுந்து நடக்கும்போது தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா பாய், காலு?" என்றார் மேடம்.

"வயசாச்சுல்லம்மா. ரெண்டு வாரமா தொடை, தோள்பட்டை எல்லாம் உளைச்சல். தைலம் தேச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

"மாத்திரை ஏதாச்சும்?"

"ஒன்னும் இல்லம்மா. கொழுப்புக்கு ஒன்னு போடுறேன், அது ரொம்ப வருசமா."

நான் மனசுக்குள், முடிந்தது, இன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும் என்றேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்? ஜாமு, மலாய்க் கஷாயம்? இல்லை. இந்தியாவிலிருந்து யாராவது லேகியம்? இல்லை. பழம்? பழமா, பழம் எல்லாரும் சாப்பிடுகிறதுதானே. என்ன பழம்?

பாய் யோசித்து, கல்லாவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். சீனப் பெருநாளுக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளாளுக்குக் கொடுத்த பம்ளிமாஸ், சிவப்புக் காகிதம் ஒட்டியபடி குவிந்து கிடந்தது. "வீணாப் போவுதேன்னு ராத்திரிக்கு ஒன்னு உரிச்சி உட்காருவேன்" என்றார்.

அந்தப் பழம் சிலருடைய உடம்பில் அந்த மாத்திரையைக் கரையவிடாமல் தேக்கிவிடலாம், தேங்கினால் தசை வலிக்கலாம் என்று அவர் சொன்னார். பழத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்து இரத்தம் சோதிக்கச் சொன்னார். பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப இவ்ளோ பழத்த என்னா செய்யிறது?" அன்று எங்கள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு பம்ளிமாஸ் கிடைத்தது. என் சாப்பாடு ஆறித்தான் போயிருந்தது.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆயர் ஈத்தாமில் பூச்சட்டிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. மறுநாள் கல்யாணம். தாலி கட்டும்போது கை நடுங்குமே என்று பயம். நெஞ்சு படபடப்பு. டாக்டர் புரோப்ரனோலால் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் முறை. நான் அன்று பிரமாதமாகப் படித்துவிட்டு வந்திருந்தேன். இரத்த அழுத்தம் கேட்டேன், சர்க்கரை கேட்டேன், நாடி பிடித்துப் பார்த்தேன். ஏதும் விட்டுப்போகவில்லை என்ற திமிரோடு, "மருந்து கொடுத்தாச்சு, மாப்பிள்ள. பொண்ணு கழுத்துல கட்டுங்க, பக்கத்து ஆளு கழுத்துல கட்டிடாதீங்க" என்றேன். வகுப்பே சிரித்தது.

மாப்பிள்ளையும் சிரித்தார். சிரிப்பு விசிலாக மாறியது. விசில் இழுப்பாக மாறியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க, பேசமுடியாமல் பேசி, என் கண் முன்னாலேயே செத்தார். அவருடைய சாவுகளிலேயே அதுதான் நீளமானது.

"கேக்கலையே நீங்க. மாப்பிள்ளைக்கு சின்ன வயசுலேர்ந்து இளைப்பு."

பிறகு எழுந்து பலகையில் ஒரு இதயமும் இரண்டு நுரையீரலும் வரைந்தார். "பீட்டா ஒன்னு இதயத்துல. பீட்டா ரெண்டு நுரையீரல்ல. இதயம் ஒன்னு, நுரையீரல் ரெண்டு, மறக்காது. இந்த மாத்திரை ரெண்டு கதவையும் பூட்டிடும். இதயத்துக்கு நிம்மதி. இளைப்புக்காரனுக்கு மூச்சுக்குழாய் இறுகிடும்." சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "நம்ம கிளாஸ்ல யாருக்காச்சும் இளைப்பு இருக்கா? எப்பவாச்சும் இருந்துச்சா?"

நான் கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. "மூச்செல்லாம் நல்லா வருது மேடம், சம்பளம்தான் வரமாட்டேங்குது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த நோயாளிக்குத் தொப்பியை எடுத்தார்.

எனக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்தது. கோத்தா திங்கியில் ஆறு பெருகும் மழைக்காலம் வந்தால், வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு முன்பே என் நெஞ்சுக்குள் பூனை வந்துவிடும். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அது நின்றுபோனது. அதன்பிறகு அதை ஒரு நோய் என்றே நான் நினைத்ததில்லை. பழைய வீட்டு முகவரி மாதிரி அது. அங்கே இருந்தோம், இப்போது இல்லை, அந்த முகவரிக்கு இனி தபால் வராது.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அதில் தேறினால் ஐசியூ, தவறினால் நம்பர். காலையில் ஸ்கூடாய் நெரிசலில் கார் நகரவில்லை, ஆனால் என் இதயம் முந்திப் போய்க்கொண்டிருந்தது. கல்லூரிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்தபோது கையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் தானாகவே தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. பரமேஸ் பார்த்தது.

"அலமாக், என்னாண்ணே இப்படி ஆடுறீங்க? வீடு இடிஞ்சிறப் போவுது."

"பயமெல்லாம் இல்ல. கைக்கு உடற்பயிற்சி."

"சும்மா இருங்கண்ணே. இந்தாங்க." கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தது. "எங்கக்கா பாட்டுப் போட்டிக்கு முன்னாடி இததான் போடுவா. நடுக்கம் நின்னுரும். நான் காலையிலயே ஒன்னு போட்டேன். பாருங்க, கை எப்படி இருக்குன்னு."

அதன் கை கல் மாதிரி இருந்தது. பொறாமையாக இருந்தது.

அட்டையின் பின்னால் இருந்த பெயரைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். புரோப்ரனோலால். வாசித்துவிட்டு விழுங்கினேன்.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் கேட்பது ஒன்றுதான். தெரிந்தே எப்படிப் போட்டாய்? பரீட்சைக்குப் படித்த புரோப்ரனோலால் ஒன்று, பரமேஸ் கைப்பையில் இருந்தது வேறொன்று என்று என் மூளை இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருந்தது என்று நினைக்கிறேன். மாப்பிள்ளைக்கு இளைப்பு இருந்தது, அவர் செத்தார், பாவம். நான் யார்? நான் தாதி. நோயாளிகளுக்கு வருவதெல்லாம் நமக்கு எப்படி வரும்?

என் முறை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே போனபோது கை நடுக்கம் அடியோடு நின்றிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மேடமும், கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த வயதான டாக்டர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் கையில் பையும் இல்லை, தோளில் துண்டும் இல்லை. வெறும் மேடமாக அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

டாக்டர் கேட்டார். இரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின் சாப்பிடும் நோயாளியிடம் என்னென்ன விசாரிப்பீர்கள்?

எனக்குத் தெரிந்த கேள்வி. ஆரம்பித்தேன். பச்சைக் கீரை எவ்வளவு சாப்பிடுகிறார். ஜாமு குடிக்கிறாரா. சீன மருந்துக் கடையில் ஏதாவது வாங்குகிறாரா. ஊரிலிருந்து வந்த லேகியம். பிறகு, "மத்தவங்க குடுத்த மாத்திரை எதையாவது..." என்று சொல்லும்போது வாக்கியம் நடுவில் உடைந்தது. மூச்சு வாங்கி, "...கேக்காம வாங்கி..." என்றேன். மறுபடி உடைந்தது. நெஞ்சுக்குள் அந்தப் பூனை. இத்தனை வருடம் கழித்து முகவரி தேடி வந்துவிட்டது.

"ரிலேக்ஸ், ரிலேக்ஸ்," என்றார் டாக்டர். "பரீட்சைப் பதற்றம். தண்ணி குடுங்க."

மேடம் தண்ணீர் கொடுக்கவில்லை. என் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ்டர், உங்களுக்கு இளைப்பு இருக்கா?"

"இல்ல மேடம்."

"மருந்து ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"ஒன்னும்... இல்ல மேடம்."

நோயாளி பொய் சொல்வதில்லை என்று அவர் சொல்லித்தந்தது அந்த மேசை முன்னால் பொய்யானது. எனக்கு அப்போது மூச்சுக்குழாய் கவலை இல்லை. மருந்தியல் தேர்வில் மருந்தால் விழுந்தவன் என்று பெயர் வந்தால் மேட்ரன் என்ன சொல்வார் என்பதுதான் கவலை. எண் நூற்று இருபத்தெட்டு. மூச்சு போய்க்கொண்டிருந்தபோதும் என் காதில் நம்பர்தான் கேட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தள்ளுபடுக்கை ஒன்றே ஒன்றுதான் பக்கத்தில் இருந்தது. அதில் பொம்மை படுத்திருந்தது. பயிற்சி அறையின் சாவி முதல்வரிடம். முதல்வர் ஏதோ கூட்டத்தில். மேடம் காவலாளியைக் கூப்பிட்டு, "அண்ணே, கதவ உடைங்க" என்று சாதாரணக் குரலில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொம்மையைத் தூக்கித் தரையில் வைத்தார்கள். என்னை ஏற்றினார்கள். கடந்து போகும்போது பொம்மை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது. நிர்வாகத்தின் சார்பில் என்று எடுத்துக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் அவசரப் பிரிவு. மூக்கும் வாயும் மூடும்படி முகமூடி மாட்டி, இளைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தைப் புகையாக விட்டார்கள். நான் இழுத்தேன். மூச்சுக்குழாய்க் கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார்கள். திறக்கவில்லை. "ஏன் பிடிக்க மாட்டேங்குது?" என்று இளம் டாக்டர் ஒருவர் முணுமுணுத்தது கேட்டது. எங்கள் தொழிலில் நோயாளியின் காதில் விழக்கூடாத வாக்கியம் அது.

மேடம் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து சுற்றிவந்தார். தரையில் குந்தி, முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். அவர் எத்தனையோ தடவை சாவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தில் நடிப்பே இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் பயமாக இருந்தது.

"அண்ணே," என்றார். "பரிட்சையெல்லாம் முடிஞ்சி போச்சு. மார்க்கெல்லாம் கிடையாது. என்னா போட்டீங்க?"

அண்ணே என்ற சொல்லைக் கேட்டதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆக்சிஜன் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

"புரோப்ர..." என்றேன். மிச்சத்தை அவர் சொல்லி முடித்தார். எழுந்து டாக்டரிடம் சொன்னார். பூட்டிக் கிடக்கும் கதவை எத்தனை தடவை தட்டினாலும் திறக்காது, வேறு கதவு வழியாகப் போகிற மருந்து வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பூனை மெதுவாக இறங்கிப் போனது.

சாயங்காலம் வார்டுக்கு வந்து பார்த்தார். பரமேஸ் வெளியே வராந்தாவில் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னார். அதனிடம், "கேக்கலையே நீ" என்று மட்டும் சொன்னாராம். வகுப்பில் நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்ட அதே வார்த்தைதான். பரமேஸ் பல நாள் சாப்பிடவில்லை.

"மேடம், என் வைவா?" என்று கேட்டேன்.

"மருந்தோட பக்க விளைவ செஞ்சி காட்டிட்டீங்க. செஞ்சி காட்டுனா மார்க் இல்ல. மறுபடி வந்து உக்காருங்க."

"நான் பொய் சொன்னேன் மேடம். நீங்க கேட்டீங்க, நான்தான்..."

"தப்பு என்னோடது." கட்டிலின் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, கையில மார்க் வெச்சிக்கிட்டு கேட்டா யாரு சொல்லுவா? கேட்டா போதும்னு இவ்ளோ நாளு சொல்லிக் குடுத்துட்டேன்." பிறகு, "ரெஸ்ட் எடுங்க மிஸ்டர்" என்று போய்விட்டார். மறுபடி மிஸ்டர் ஆகிவிட்டேன்.

மறுதேர்வுக்கு அதே அறை. ஆனால் மேசை சுவரோரம் தள்ளிக் கிடந்தது. இரண்டு நாற்காலிகள் மட்டும் அருகருகே. வயதான டாக்டர் மூலையில் உட்கார்ந்திருந்தார். மேடம் பிளாஸ்டிக் பையோடு வந்தார். அதிலிருந்து ஒரு வாசிக்கும் கண்ணாடியை எடுத்து மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கால்களை அகட்டி உட்கார்ந்தார். அப்படி உட்காருகிறவன் வகுப்பில் ஒருவன்தான். நோயாளி நான்.

"சொல்லுங்க அங்கிள், என்னா பிரச்சன?" என்று ஆரம்பித்தேன்.

"நாட்டுலயா, வீட்டுலயா?" என்றார் என் குரலில்.

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்தேன். படபடப்பு. புரோப்ரனோலால். ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக். சர்க்கரை இருக்கா? "பேச்சுல இருக்கு." தூக்கம் வருதா? "வகுப்புல வருது." ஒரு கேள்வியும் உள்ளே போகவில்லை. இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு என்ன வைத்தியம் பார்ப்பது என்று எரிச்சலாக வந்தது. இவனை வருடம் முழுக்க எப்படிச் சகித்தார்களோ.

"மூச்சு எப்படி?"

"மூச்செல்லாம் நல்லா வருது, சம்பளம்தான் வரமாட்டேங்குது."

கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தேன். நாற்காலியை இழுத்து இன்னும் பக்கத்தில் போட்டேன். மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாக அவர் கண்களைப் பார்த்தேன்.

"அண்ணே," என்றேன், என்னைவிடப் பத்து வயது இளைய அந்தப் பெண்ணைப் பார்த்து. "பயமா இருக்கா?"

தள்ளியிருந்த வயிறு மெல்ல உள்ளே போனது. "கொஞ்சம்" என்றார்.

"எனக்கும்தான். சின்ன வயசுல ஏதாச்சும் இருந்துச்சா? நின்னுபோனதுன்னாலும் சொல்லுங்க."

"இளைப்பு. மழ வந்தா வரும்."

"இத யாரும் உங்ககிட்ட கேக்கலையா?"

"கேட்டாங்க," என்றார். "சிரிச்சிட்டேன்."

மருந்துச் சீட்டை மடித்து என் சட்டைப்பையில் போட்டேன். "இந்த மருந்து குடுக்க மாட்டேன். டாக்டர்கிட்ட பேசறேன். நீங்க இங்கயே இருங்க, நான் வர்றேன்."

அவர் நாற்காலியில் சரிவார் என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். சரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். எழுந்தார். வாசல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்து, "நான் வீட்டுக்குப் போறேண்ணே" என்றார்.

என் கையிலிருந்து அவர் உயிரோடு போனது அந்த ஒரு தடவைதான்.